பெட்டிக்குப் பின்னால் ஐந்து ஓட்டை: இணைய வயர் எதில்?



சம்பளம், போனஸ், வீடு, சேமநிதி என்றே எப்போதும் நம் பேச்சு இருக்கும். இந்த முறை ஒரு சின்ன ஓட்டையைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதெல்லாம் சங்கத்துக்காரனுக்கு வேண்டிய வேலையா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். இந்தச் சின்ன ஓட்டை ஒரு பாட்டாளி மகளின் மேற்படிப்பையே கெடுத்திருக்கும். அதை நாம் நம் கண்ணால் பார்த்தோம்.

சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் உள்ள தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால் வெட்டிய அண்ணன் ஒருவர், இப்போது பக்கத்துத் தாமானில் சின்ன வீடு வாங்கிக் குடியிருக்கிறார். மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சாமான்களை எல்லாம் கழற்றி முன்கூடத்தில் போட்டார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாமான்களும் பழைய இடத்துக்கு வந்தன. இணையம் மட்டும் வரவில்லை.

இளைய மகள் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட வேண்டிய நேரம் அது. அந்த மனுவை இணையம் வழியாகத்தான் அனுப்ப முடியும். கடைசி நாளுக்கு நான்கு நாள்தான் பாக்கி. கைப்பேசி டேட்டாவும் தீர்ந்துபோனது. அண்ணன் நமக்குப் போன் போட்டார்.

"தம்பி, மாசா மாசம் காசு கட்டுறோம். இப்ப லைன் இல்லேங்குறான். கடைக்காரன் வந்து பாத்துட்டு, பெட்டி செத்துப் போச்சு, 280 வெள்ளி ஆகும்னு சொல்லிட்டான். கம்பெனிக்குச் சங்கத்துல இருந்து சூடா ஒரு கடுதாசி போடுங்க தம்பி!"

நமக்கும் கோபம் வந்தது. மனத்துக்குள் கடுதாசியையே எழுதி முடித்துவிட்டோம் என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் சம்பளத் தகராறாக இருந்தாலும் சரி, வேறு தகராறாக இருந்தாலும் சரி, முதலில் நேரில் போய்ப் பார்ப்பது நம் வழக்கம். அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம்.

பச்சை விளக்கு எரிந்தது, லைன் இல்லை

சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. மேசைமேல் இரண்டு கொம்பு வைத்த ரூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வயர். ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வெளிச்சம் வருதே அங்கிள், வயர்ல ஒண்ணும் கோளாறு இல்லையே" என்றாள் மகள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ரூட்டரைத் திருப்பிப் பார்த்தால், பின்னால் ஐந்து ஓட்டை. நான்கு ஒரே நிறத்தில் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி வேறு நிறத்தில் இருந்தது. சுவர்ப் பெட்டியிலிருந்து வந்த வயர் அந்த நான்கில் மூன்றாவதில் செருகியிருந்தது. தனியாக இருந்த ஓட்டை காலியாகக் கிடந்தது.

இவ்வளவுதான் கோளாறு. பெட்டி சாகவில்லை. கம்பெனி லைனை வெட்டவும் இல்லை. பெயிண்ட் அடித்த கையோடு யாரோ வயரை மாற்றிச் செருகிவிட்டார்கள்.

நாம் அந்தக் கடுதாசியை அனுப்பியிருந்தால் நம் முகத்தில்தான் கரி பூசியிருக்கும்!

தோட்டத்துக் கேட்டும் லயத்து வாசலும்

இந்த ஐந்து ஓட்டைகளுக்கும் என்ன வித்தியாசம்? பாட்டாளிக்குப் புரியும்படி சொல்கிறோம்.

ஒரு தோட்டத்தில் நூறு வீடு இருக்கலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசல் இருக்கலாம். ஆனால் லோரி பாலை ஏற்றிக்கொண்டு வெளிச் சாலைக்குப் போவது ஒரே கேட் வழியாகத்தான். ரூட்டரும் அப்படியே. நான்கு ஓட்டைகள் லயத்து வாசல்கள். அவற்றை 'லேன்' என்கிறார்கள். கம்ப்யூட்டர், தொலைக்காட்சி, பிரிண்டர் போன்ற வீட்டுச் சாமான்களுக்கு உரியவை அவை. தனியாக இருக்கும் ஐந்தாவது ஓட்டை வெளிக் கேட். அதன் பெயர் 'வேன்'. வெளிக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அல்ல! பரந்த வட்டாரத்து இணைப்பு என்று அதற்குப் பொருள். சில பெட்டிகளில் 'இன்டர்நெட்' என்றே எழுதியிருக்கும். சிலவற்றில் உலக உருண்டைப் படம் போட்டிருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

சுவர்ப் பெட்டியிலிருந்து வரும் வயர் இந்த வேன் ஓட்டைக்குத்தான் போக வேண்டும்.

மாற்றிச் செருகினால் ஏன் லைன் வராது? நம் நாட்டில் யூனிஃபை 2010 மார்ச்சில் தொடங்கியது. அதன் வழக்கப்படி, ரூட்டர் முதலில் கம்பெனியைக் கூப்பிட்டு, "நான் இன்னார், என் ரகசியச் சொல் இது" என்று பேர் கொடுக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தால்தானே அன்றைய வேலை? அந்தப் பேரை ரூட்டர் வேன் ஓட்டை வழியாக மட்டுமே கொடுக்கும். லேன் ஓட்டையில் செருகினால், பேர் கொடுக்க வேண்டியவன் களத்துக்கே வராத கதைதான்.

பச்சை விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்பீர்கள். வயரின் இரண்டு முனையிலும் உயிருள்ள பெட்டி இருந்தால் எந்த ஓட்டையிலும் விளக்கு எரியும். வயர் அறுந்து போகவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சரியான இடத்தில் செருகியிருக்கிறோம் என்பதற்குச் சாட்சி அல்ல. கைப்பேசியிலும் வைஃபை அடையாளம் முழுசாகத் தெரியும். அது கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் உள்ள உறவு. ரூட்டருக்கும் வெளி உலகத்துக்கும் உள்ள உறவு வேறு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள்.

ஊசி ஓட்டையைக் குத்தாதீர்கள்!

வயரை மாற்றிச் செருகினோம். அப்போதும் லைன் வரவில்லை. எல்லோர் முகமும் வாடியது. அப்போதுதான் அண்ணனின் அக்காள் மகன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"மாமா, முந்தாநாளு நான் பின்னால இருக்குற சின்ன ஓட்டையில ஊசிய விட்டு அமுக்குனேன். எல்லாம் சரியாயிடும்னு கூட்டாளி சொன்னான்."

அந்தச் சின்ன ஓட்டைக்கு 'ரீசெட்' என்று பேர். அதை அமுக்கினால் கடையில் வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு ரூட்டர் திரும்பிவிடும். பல பெட்டிகளில், கம்பெனி ஆள் பதிந்து வைத்த பேரும் ரகசியச் சொல்லும் அதோடு அழிந்துபோகும். சின்னக் கோளாறு பெரிய கோளாறாவது இப்படித்தான். ஒரு வயரை மாற்றினால் தீர வேண்டிய காரியம், கம்பெனியைக் கூப்பிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டிய காரியமாகிவிடும். நம்மிடம் இருந்ததோ நான்கே நாள்.

நல்ல வேளையாக அண்ணன் பழைய சங்கக் கமிட்டி ஆள். காகிதம் எதையும் எறியாதவர். பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். சேமநிதிக் காகிதம், சொக்சோ காகிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அவற்றுக்கு நடுவே லைன் போட்ட அன்று கம்பெனி கொடுத்த காகிதமும் இருந்தது. அதில் பேரும் இருந்தது, ரகசியச் சொல்லும் இருந்தது. மகள் கைப்பேசியில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து இரண்டையும் பதிந்தாள். ஒரு நிமிஷம் எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். உலக உருண்டை விளக்கு பச்சையானது.

அன்று ராத்திரியே மனு போய்ச் சேர்ந்தது. 280 வெள்ளி அண்ணன் பையிலேயே தங்கியது. அவர் புதுப் பெட்டி வாங்கியிருந்தாலும் அந்தப் பேரும் சொல்லும் இல்லாமல் அது பேசியிருக்காது என்பதையும் கவனியுங்கள்.

கடையில் நாமே பெட்டி வாங்கினால்

புதுப் பெட்டியில் இன்னொரு கணக்கும் உண்டு. யூனிஃபை லைனில் இணையமும் தொலைக்காட்சியும் ஒரே கண்ணாடி இழையில் வந்தாலும், தனித் தனித் தடத்தில் ஓடுகின்றன. இணையத்தின் தடத்துக்கு 500 என்று எண். தொலைக்காட்சியின் தடத்துக்கு 600. வேன் ஓட்டையில் சரியாகச் செருகி, பேரும் சொல்லும் பதிந்தும் லைன் வராவிட்டால், இந்த 500 என்ற எண்ணைப் பெட்டிக்குள் பதியாமல் விட்டிருக்கலாம். பல பெட்டிகளில் 'யூனிஃபை' என்று தேர்ந்தெடுத்தால் தானே பதிந்துகொள்ளும். வேறு கம்பெனி லைனுக்கு எண் வேறு. ஆகவே பெட்டி வாங்கும் முன்பே, "இந்தக் கம்பெனி லைனுக்கு இது ஒத்துவருமா?" என்று கடைக்காரனிடம் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

300-க்குக் காசு, 100-க்கும் குறைவான வேகம்

அடுத்த விஷயம் வேகம். இது நேராக நம் சட்டைப்பையைத் தொடுகிற விஷயம்.

யூனிஃபை ஆரம்ப காலத்தில் பல வீடுகளுக்குக் கொடுத்த டி-லிங்க் டிஐஆர்-615 பெட்டியின் ஓட்டைகள் 100 எம்பிபிஎஸ் வேகம் வரைதான் தாங்கும். 2018-இல் பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் பழைய பெட்டியை மாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு அதன் முழுப் பலனும் கிடைக்கவில்லை. 300-க்குக் காசு கட்டினாலும் அந்த ஓட்டை வழியாக 100-க்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். நான்கு அங்குலக் குழாயில் தண்ணீர் வந்தாலும் வீட்டுக் குழாய் அரை அங்குலமாக இருந்தால் என்ன பிரயோசனம்?

வயரும் அப்படித்தான். அதற்குள்ளே எட்டு இழைகள், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல் 1000 வரை போக நான்கு ஜோடியும் வேண்டும். 100 வேகத்துக்கு வேண்டிய இரண்டு ஜோடியும் தப்பி, மற்ற ஜோடிகளில் ஓர் இழையை எலி கடித்தால், லைன் நிற்காமல் வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடக்கூடும். "லைன் இருக்கு, ஆனா இழுக்குது" என்பவர்கள் முதலில் அந்த வயரை மாற்றிப் பாருங்கள். புது வயருக்கு ஆகும் செலவு புதுப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

புதிதாக வரும் சில ரூட்டர்களில் ஒரு ஓட்டையில் மட்டும் '2.5ஜி' என்று எழுதியிருக்கும். மற்றவை 1000 வரை, அந்த ஒன்று 2500 வரை தாங்கும். 100, 300, 500 திட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னால் ஏமாறாதீர்கள்.

கண்ணாடி இழை வராத லயங்களில்

இதுவரை சொன்னது தாமான் வீட்டுக் கதை. நம் தோட்டங்களில் பல லயங்களுக்குக் கண்ணாடி இழை இன்னும் வரவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்தக் குறை எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. மூன்று பிள்ளைக்கு ஒரே கைப்பேசி. சமிக்ஞை தேடி மேட்டுக்கு நடந்த பிள்ளைகளை நம்மில் யார் மறக்க முடியும்? அதே வருஷம் அரசாங்கம் 'ஜெண்டெலா' திட்டத்தை அறிவித்தது. 2021 கடைசியோடு பழைய 3ஜி சேவை நின்றது.

அதன் பிறகு லயங்களில் பலர் சிம் கார்டு போட்ட 4ஜி ரூட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். சிம் போட்டு ஓட்டும்போது இணையம் காற்று வழியாக வருகிறது. அப்போது பின்னால் உள்ள ஓட்டைகள் எல்லாமே வீட்டுச் சாமான்களுக்குத்தான். எதில் செருகினாலும் ஒன்றே. ஆனால் பின்னொரு நாள் தாமானுக்குக் குடிபோய், கண்ணாடி இழை லைன் வாங்கி, அதே பெட்டியை அங்கே வைக்கும்போது குழப்பம் வரும். உதாரணமாக டிபி-லிங்க் எம்ஆர்6400 பெட்டியில் நான்கு ஓட்டை உண்டு. மூன்று லேன். நான்காவதில் 'லேன்/வேன்' என்று இரண்டு பேரும் எழுதியிருக்கும். சிம் வேலை செய்யும் மட்டும் அது லயத்து வாசல். பெட்டிக்குள் போய், சிம் வேண்டாம், வயர் ரூட்டராக வேலை செய் என்று மாற்றினால்தான் அது வெளிக் கேட் ஆகும். மாற்றாமல் செருகிவிட்டு லைன் வரவில்லை என்று திட்டுவதில் பிரயோசனம் இல்லை. இந்தப் பெட்டியின் ஓட்டைகளும் 100 வரைதான் தாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு களத்தில் இரண்டு மண்டோர்

வீடு நீளமாக இருந்தால் பின்கட்டு அடுப்படிக்கு வைஃபை எட்டாது. பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதைப் பின்னால் வைத்து, வயர் இழுப்பவர்கள் உண்டு. இங்கேயும் ஓட்டைதான் பிரச்சினை.

முதல் ரூட்டரின் லேன் ஓட்டையிலிருந்து இரண்டாவதன் வேன் ஓட்டைக்கு வயர் போட்டு, இரண்டாவதைத் தானாகவே முகவரி வாங்கும்படி விட்டால் பெரும்பாலும் இணையம் வந்துவிடும். ஆனால் வீடு இரண்டு தனித் தனிக் களமாகப் பிரிந்துவிடும். முன்கூடத்துக் கைப்பேசியிலிருந்து பின்கட்டுப் பிரிண்டரைக் கூப்பிட முடியாமல் போகலாம்.

லேனிலிருந்து லேனுக்கே போட்டால் வீடு முழுவதும் ஒரே களம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் தன்னிடம் வரும் கைப்பேசிகளுக்கு எண் பிரித்துக் கொடுக்கும், மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பது மாதிரி. ஒரு களத்தில் இரண்டு மண்டோர் நின்று ஆளுக்கொரு கணக்கில் நிரை கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே நிரைக்கு இரண்டு பேர் போய் நிற்பார்கள், சண்டை வரும். அதனால் இரண்டாவது ரூட்டரின் எண் கொடுக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். அதன் சொந்த முகவரியையும் முதல் ரூட்டரின் முகவரி போல் இல்லாமல் மாற்ற வேண்டும். புதுப் பெட்டிகளில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. மிச்சம் கிடக்கும் வயரின் இரண்டு முனையையும் ஒரே ரூட்டரின் லேன் ஓட்டைகளில் செருகி வைக்காதீர்கள். செய்தி வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வீட்டு இணையம் முழுவதையும் நிறுத்திவிடக்கூடும்.

இடியும் மின்னலும்

கெடாவில் சாயங்கால மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் சுவிட்சிலிருந்து வரும் கரண்டு வயர் வழியாகவும், இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள செம்புக் கம்பி வழியாகவும் இடி பாயும். இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தொட வேண்டாம். திரும்ப மாட்டும்போது அதே ஓட்டையில் மாட்டுங்கள். சில வீடுகளில் இடி விழுந்து வேன் ஓட்டை மட்டும் கருகிப்போய் மற்றவை பிழைத்திருக்கும். சில பெட்டிகளில் ஒரு லேன் ஓட்டையையே வெளிக் கேட்டாக மாற்றி அமைக்கும் வசதி உண்டு. பெட்டியைக் குப்பையில் போடும் முன் அதை விசாரியுங்கள்.

எது நம் தப்பு, எது கம்பெனி தப்பு?

எல்லாத் தப்பும் நம்முடையது என்று சொல்ல வரவில்லை. சுவர்ப் பெட்டியைப் பாருங்கள். அதில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழையில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்கள் எந்த ஓட்டையில் செருகினாலும் லைன் வராது. அதைச் சரிசெய்வது கம்பெனியின் பொறுப்பு. யூனிஃபை என்றால் 100-ஐக் கூப்பிடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதி வையுங்கள். லைன் இல்லாத நாளுக்குக் கட்டணத்தில் கழிவு கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். சம்பளப் புகாரைப் போலத்தான் இதுவும். வாய்ப்பேச்சு நிற்காது, காகிதம் நிற்கும்.

சிவப்பு விளக்கு இல்லையா? அப்படியானால் கடைக்காரனைக் கூப்பிடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, சுவர்ப் பெட்டியில் கம்பெனி ஆள் காட்டிய ஓட்டையில் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது முதலாவது ஓட்டையாக இருக்கும். இரண்டாவது, அதன் மறுமுனை ரூட்டரின் வேன் ஓட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இரண்டு பெட்டியையும் அணைத்து, முதலில் சுவர்ப் பெட்டியையும், இரண்டு நிமிஷம் கழித்து ரூட்டரையும் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் பிறகு ஆளைக் கூப்பிடலாம். ஊசியை மட்டும் எடுக்காதீர்கள்!

அந்த அண்ணன் வீட்டில் மகள் ஒரு நல்ல காரியம் செய்தாள். அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, வேன் ஓட்டைக்கு மேலே ஒரு பொட்டு, வயரின் முனையில் ஒரு பொட்டு வைத்தாள். "பொட்டுக்குப் பொட்டு, அப்பா!" என்று தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிகூட இனி மாற்றிச் செருக மாட்டார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும் முன், ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பொட்டை வைத்துவிடுங்கள். லைன் போட்ட காகிதத்தைச் சேமநிதிக் காகிதத்தோடு பத்திரப்படுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். இனி இந்தக் கோளாறுக்காக ஒரு பாட்டாளி 280 வெள்ளியை இழக்கக்கூடாது, ஒரு பிள்ளையின் மனுவும் நின்றுபோகக்கூடாது.